டெட் ஹார்ஸ் பாயிண்ட்டில் ஏழு ஃப்ரேம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது 60 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள ஒரு படம் தொங்குகிறது. யூட்டா மாநிலத்து மோவாப் ஊருக்கு அருகே, கொலராடோ ஆறு செம்பாறைப் பள்ளத்தாக்கின் அடியில் கொண்டை ஊசி போல் வளைந்து திரும்பும் இடத்தை, டெட் ஹார்ஸ் பாயிண்ட் முனையிலிருந்து ஏழு ஃப்ரேம்களாக எடுத்து ஒட்டிய பனோரமா அது. இதே படத்துக்காக மார்ச் மாதம் ஒரு முறை போய்வந்து, கணினியில் ஒட்டிப் பார்த்தபோது, முன்னால் நின்ற ஜூனிபர் மரத்துக்கு இரண்டு அடிமரங்கள் இருந்தன. வானத்தின் நடுவே மை கொட்டியதுபோல ஒரு கருநீலத் திட்டும் இருந்தது. அக்டோபர் கடைசியில் நானும் கணவரும் மறுபடி போனோம். இரண்டு பயணங்களுக்கும் இடையில் வீட்டில் செய்த வேலைதான் படத்தைக் காப்பாற்றியது என்பதால், அதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

முதலில் மார்ச் மாதத் தவறுகள். நாங்கள் இருப்பது சால்ட் லேக் சிட்டியில். அங்கிருந்து கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நான்கு மணி நேரக் கார்ப் பயணம். அன்று பகல் முழுதும் பூங்காவில் சுற்றிவிட்டு மாலையில் அருகிலிருக்கும் டெட் ஹார்ஸ் பாயிண்ட்டுக்கு வந்தோம். வானம் நல்ல நீலமாக வரட்டும் என்று லென்ஸில் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியை மாட்டியிருந்தேன். சூரியனுக்குச் செங்கோணத் திசையில் இருக்கும் வானத்தைத்தான் போலரைசர் மிகுதியாகக் கருமையாக்கும். ஒரே ஃப்ரேமில் அது அழகு, அரைவட்டம் முழுதையும் ஒரே படத்தில் அடைக்கும்போது ஒரு பகுதி மட்டும் கறுத்து மற்றது வெளுத்துவிடும். அதோடு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, தானியங்கியில் விட்டிருந்தேன். சூரியனை நோக்கிய ஃப்ரேம் இருண்டும் எதிர்ப்பக்க ஃப்ரேம் வெளுத்தும் வந்ததால், ஒட்டிய இடங்கள் எல்லாம் சேலையில் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தன.

காற்றில் நின்றபடி லென்ஸை மாற்றியதில் சென்சாரில் தூசி வேறு புகுந்துவிட்டது. தனிப் படத்தில் ஒரு தூசி ஒரு புள்ளி. ஏழு ஃப்ரேம் பனோரமாவில் அதே தூசி வானத்தில் சம இடைவெளியில் ஏழு புள்ளிகளாக வரிசை கட்டி நிற்கும். 14 தூசிகளை எண்ணிய பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இவை எல்லாவற்றையும் எப்படியாவது சரிக்கட்டலாம். இரட்டை அடிமரத்தை முடியாது. முக்காலியின் மேல் கேமராவைத் திருப்பும்போது அது தன் அடிப்பக்கத் திருகை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. ஆனால் படம் பார்க்கும் புள்ளி லென்ஸுக்குள் அதற்கு முன்னால் இருக்கிறது. என்னுடைய 24-70 ஜூம் லென்ஸை 35 மி.மீ. குவியத் தூரத்தில் வைத்தால் அந்தப் புள்ளி திருகுக்கு ஏறக்குறைய 9 செ.மீ. முன்னே இருப்பதைப் பிறகு அளந்து கண்டேன். 25 டிகிரி திருப்பினால் அது 4 செ.மீ. அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. தொலைவில் இருக்கும் பாறைச் சுவருக்கு அந்த 4 செ.மீ. ஒன்றுமே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில், 2 மீட்டரில், நின்ற ஜூனிபருக்கோ அது நூறு பிக்சலுக்கு மேல். மரத்தைச் சரியாக ஒட்டினால் ஆறு உடைகிறது. ஆற்றை ஒட்டினால் மரம் இரண்டாகிறது. ஹ்யூஜின் என்ற இலவச மென்பொருளில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (இரண்டு ஃப்ரேம்களிலும் ஒரே இடத்தைக் காட்டும் குறிகளை) நானே கையால் வைத்தும், மரத்தின் மேல் வைத்தவற்றை நீக்கியும், மூன்று இரவுகள் வீணாக்கினேன். மரத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்றார் கணவர். வெட்டிப் பார்த்தேன், அது சுவர்க் காலண்டரில் வரும் படத்தைப்போல இருந்தது. முன்னால் அந்த முறுக்கிய மரம் நின்றால்தான் பின்னால் 2,000 அடி ஆழத்தில் ஓடும் ஆற்றின் தொலைவு கண்ணுக்குப் புரிகிறது.

ஆகஸ்டில் வீட்டுப் பட்டறை தொடங்கியது. அந்தப் பார்வைப் புள்ளி சுழலும் அச்சின் மேலேயே நிற்கும்படி கேமராவைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதுதான் வேலை. இதற்கென்று விற்கும் பனோரமாத் தலைகளின் விலை சில நூறு டாலர். அதற்குப் பதிலாக 200 மி.மீ. நீளமுள்ள, மில்லிமீட்டர் அளவு பொறித்த அலுமினிய ரெயில் ஒன்று 25 டாலருக்கும், கேமராவை நெட்டையாக நிறுத்த ஓர் எல் பிராக்கெட் 35 டாலருக்கும், டிகிரி பொறித்த சுழலும் கிளாம்ப் ஒன்று 40 டாலருக்கும் வாங்கினேன். முக்காலித் தலைக்கு மேலே சுழலும் கிளாம்ப், அதன் மேல் ரெயில், ரெயிலின் மேல் எல் பிராக்கெட், அதில் நெட்டையாகக் கேமரா என்பது அடுக்கு. சுழலும் பகுதி தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்பது முக்கியம். தலைக்குக் கீழே, முக்காலியின் அடிப்பகுதியிலேயே திருப்பினால், அடிப்பகுதி சாய்ந்திருக்கும் அளவுக்கு அடிவானமும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஏறி இறங்கும்.

பிறகு எவ்வளவு பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலை. கேமராவுக்கு 60 செ.மீ. முன்னால் ஒரு துடைப்பக் கட்டையை வாளி மணலில் நட்டோம். 4 மீட்டர் பின்னால் கதவு நிலையின் விளிம்பு. கட்டையும் நிலை விளிம்பும் ஒரே கோட்டில் தெரியும்படி கேமராவை வைத்து, அதை இடமிருந்து வலமாகத் திருப்பி, கட்டை ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகும்போது இரண்டும் விலகுகின்றனவா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ரெயிலில் பூஜ்யத்தில் வைத்து வலப்பக்கம் திருப்பியபோது கட்டை இடப்பக்கமாக விலகியது. 70 மி.மீ. பின்னுக்குத் தள்ளியபோது விலகல் குறைந்தது. 110இல் எதிர்த்திசையில் விலகியது. முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி 92 மி.மீ.யில் இரண்டும் பசை போட்டதுபோல் நின்றன. முதல் நாள் கிடைத்த எண் 84. மறுநாள் சரிபார்த்தபோது அது பொருந்தவில்லை. முதல் நாள் அளக்கும்போது ஜூம் வளையம் 35இலிருந்து 38க்கு நகர்ந்திருந்ததுதான் காரணம். ஜூம் மாறினால் புள்ளியும் மாறும். அன்றைக்கே வளையத்தைக் காகித டேப்பால் ஒட்டி, டேப்பின் மேல் 92 என்று எழுதிவிட்டேன்.

35 மி.மீ.யில் நெட்டையாக நிற்கும் முழுச் சட்டக் கேமரா பக்கவாட்டில் 38 டிகிரி பார்க்கும். 25 டிகிரிக்கு ஒருமுறை திருப்பினால் அடுத்தடுத்த ஃப்ரேம்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். ஏழு ஃப்ரேம்களில் 188 டிகிரி கிடைக்கும். இருட்டில் டிகிரி எண்களைத் தேட வேண்டாம் என்று, கிளாம்பின் வளையத்தில் ஏழு இடங்களில் வெள்ளை நெயில் பாலிஷ் புள்ளி வைத்தோம். செலவில்லாத அந்த ஏழு புள்ளிகள் அன்றைக்குச் செய்த உதவியை 40 டாலர் கிளாம்ப்கூடச் செய்யவில்லை என்பேன்.

அக்டோபர் பயணத்தில் நள்ளிரவு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை 191இலிருந்து 313க்குத் திரும்பிய பிறகு வேலி இல்லாத மேய்ச்சல் நிலம். விளக்கு வெளிச்சத்தில் திடீரென்று மாடுகள் சாலையில் நின்றன. இதைப் பகலில் ஓட்டுவதும் இரவில் ஓட்டுவதும் ஒன்றல்ல. ஐந்தே முக்காலுக்குத் தேசியப் பூங்காவில் மெசா ஆர்ச் என்ற பாறை வளைவின் வாகன நிறுத்தத்தை அடைந்தபோது வெப்பநிலை 2 டிகிரி. அங்கிருந்து வளைவுக்கு நடை கால் மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் எங்களுக்கு முன்பே நான்கு முக்காலிகள் அங்கே விரித்து நின்றன.

மெசா ஆர்ச் மேட்டுநிலத்தின் செங்குத்து விளிம்பில், கிழக்குப் பார்த்து நிற்கும் அகலமான மணற்கல் வளைவு. உதிக்கும் வெயில் அதன் கீழே செங்குத்தாக இறங்கும் பாறையில் பட்டு எதிரொளித்து, வளைவின் அடிப்பக்கத்தைக் கனலும் அடுப்பின் உட்புறம்போல ஆக்கிவிடும். மார்ச்சில் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்துச் சூரியனைச் சுற்றி வெள்ளைக் குழி விழுந்திருந்ததால், இந்த முறை 24 மி.மீ., எஃப் 16 (லென்ஸின் துளை அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளியுணர்வு) என்று வைத்து, இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு ஒளி) குறை, நடு, மிகை என்று மூன்று எக்ஸ்போஷர்களாக எடுத்தேன். ஃபோகஸைக் கையால் 1.5 மீட்டரில் நிறுத்தியபோது முன்பாறை முதல் லா சால் மலைத்தொடர் வரை தெளிவாக வந்தது. சூரியனின் பாதியை வளைவின் விளிம்புக்குப் பின்னால் மறைத்து வைத்தால் கதிர்கள் நட்சத்திரமாக விரியும்; அது இரண்டு மூன்று நிமிட வேலை. சூரியன் மேலே வந்ததும் பாதிப் பேர் முக்காலியை மடக்கிக் கிளம்பினார்கள். அடிப்பக்கச் செம்மையோ அதற்குப் பின்னும் நெடுநேரம் இருந்தது, இடமும் காலியாகக் கிடைத்தது. எனக்குப் பிடித்த மெசா ஆர்ச் படம் அப்போது எடுத்ததுதான். அதில் சூரியனே இல்லை.

அங்கே ஒரு சிறு விபரீதம் தவறியது. கணவர் எனக்குத் தேநீர் ஊற்ற, பாதையை விட்டு ஒரு எட்டு எடுத்து வைக்கப் போனார். "அய்யோ, அந்தக் கறுப்பு மண்ணுல கால் வைக்காதீங்க!" என்று கத்தினேன். மேடு மேடாக, கருகிய அவல் உப்புமாபோல் தெரியும் அந்த மண், சயனோபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் இழையோடிக் கட்டிய உயிர்த்தோல். ஒரு காலடி பட்டால் மறுபடி கட்டப் பல ஆண்டுகள் ஆகும். முக்காலியின் கால்களுக்கும் அதே விதிதான். பாறை மேலோ ஓடையின் வெறும் மணல் மேலோதான் விரிக்க வேண்டும். படத்துக்காக ஓரடி நகர வேண்டும் என்று கை அரிக்கும்போது இதை நினைவில் வைப்பது அத்தனை எளிதாக இல்லை.

பகலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஷேஃபர் கேன்யன் விளிம்பிலிருந்து, பாறைச் சுவரில் மடிந்து மடிந்து இறங்கும் ஷேஃபர் பாதையைக் காலை வெயிலில் 70 மி.மீ.யில் எடுத்தேன், 1950களில் யுரேனியச் சுரங்க வண்டிகளுக்காக அகலப்படுத்திய மண் பாதை அது. எங்கள் சிறிய காரை அதில் இறக்குவதாக இல்லை. கிராண்ட் வியூ பாயிண்ட்டில் உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கியிருந்தது. கறுப்பு வெள்ளைக்கு ஆகுமென்று நாலு படம் எடுத்துவிட்டு, காரிலேயே புளிச்சாதம் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கினோம். பூங்காவுக்குள் உணவுக் கடையும் பெட்ரோல் பங்க்கும் கிடையாது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் கொண்டுபோனதில் அரை லிட்டர்தான் மிஞ்சியது. தூங்கி எழுந்ததும் காற்றடிக்காத காருக்குள் வைத்து, சென்சாரை ரப்பர் ஊதியால் ஊதி, 35 மி.மீ.யில் டேப் ஒட்டிய லென்ஸை மாட்டினேன். அதற்குப் பிறகு இரவு வரை அதைக் கழற்றவே இல்லை.

டெட் ஹார்ஸ் பாயிண்ட் தேசியப் பூங்காவைச் சேர்ந்ததல்ல, மாநிலப் பூங்கா. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை அங்கே செல்லாது. மார்ச்சில் இது தெரியாமல் வாயிலில் அட்டையை நீட்டிச் சிரிப்புக்கு ஆளானோம். இந்த முறை 20 டாலரைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். நான்கே முக்காலுக்கு அதே ஜூனிபர் முன் முக்காலியை விரித்தேன். ரசமட்டக் குமிழி நடுவே வந்ததைக் கிளாம்பை எல்லாப் பக்கமும் திருப்பிச் சரிபார்த்தேன். வெண் சமநிலையை, அதாவது படத்தின் நிறச் சாயலை, 5,500 கெல்வினில் நிறுத்தினேன். தானியங்கியில் விட்டால் செம்பாறை நிறைந்த ஃப்ரேமை அது நீலமாகக் குளிர்வித்துவிடும். போலரைசரைக் காரிலேயே விட்டு வந்திருந்தேன்.

காற்றுதான் எதிர்பாராதது. முக்காலி ஆடாமலிருக்க நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுவது வழக்கம். அங்கே பை காற்றில் ஊசலாடி முக்காலியையும் சேர்த்து ஆட்டியது. பையைத் தரையில் தொடும்படி இறக்கி, நடுத்தண்டை முழுதும் உள்ளே தள்ளி, கால்களை ஒரு கட்டம் குறைத்தேன். எஃப் 11, ஐஎஸ்ஓ 100இல் மிகை எக்ஸ்போஷர் கால் நொடி வரை போனதால் ஜூனிபர் இலைகள் கலங்கின. ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றி நேரத்தை நான்கில் ஒன்றாக்கினேன். பெரிய அச்சில் அந்த ஐஎஸ்ஓவின் துகள் தெரியவே இல்லை. இலைக் கலக்கம் தெரிந்திருக்கும்.

முதல் வரிசையை அஸ்தமனத்துக்கு 40 நிமிடம் முன்பு எடுத்தேன். ஏழு நிலை, நிலைக்கு மூன்று எக்ஸ்போஷர், ஆக 21 படங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. நான்காவது ஃப்ரேமில் சிவப்பு ஜாக்கெட் அணிந்த ஒருவர் விளிம்பில் வந்து நின்றார். இரண்டாவது வரிசை சூரியன் மறையும் தருணத்தில். இடக்கோடியில் லா சால் மலை இளஞ்சிவப்பாக எரிந்தது. வலக்கோடியில் சூரியன் லென்ஸுக்குள் நேராகப் பாய்ந்து ஆறாவது, ஏழாவது ஃப்ரேம்களில் ஒளிப்பொட்டுகளை உண்டாக்கியது. நினைத்து வந்த படம் இதுதான் என்று எண்ணி, நான் மடக்கக் கிளம்பிவிட்டேன். "இருட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்கு, வந்ததுக்கு இன்னொரு வரிசை எடேன்" என்றார் கணவர். மறைந்து 12 நிமிடம் ஆனபின், ஆட்கள் போய்விட்ட பிறகு, நெயில் பாலிஷ் புள்ளிகளை டார்ச்சில் பார்த்துத் திருப்பித் திருப்பி மூன்றாவது வரிசையை எடுத்தேன்.

சுவரில் தொங்குவது அந்த மூன்றாவது வரிசை. சூரியன் போனபின் வானமும் பள்ளத்தாக்கும் ஒரே ஒளியில் அமைந்துவிட்டதால், அத்தனை திட்டமிட்டு எடுத்த மிகை, குறை எக்ஸ்போஷர்கள் தேவைப்படவே இல்லை. நடு எக்ஸ்போஷரின் ஏழு ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) போதுமாயின. ஹ்யூஜினில் உருளை வடிவ விரிப்பைத் தேர்ந்து ஒட்டியபோது முதல் முயற்சியிலேயே ஜூனிபர் ஒற்றை அடிமரத்தோடு வந்தது. மரப்பட்டையின் முறுக்குக் கோடு மூன்றாவது ஃப்ரேமிலிருந்து நான்காவதுக்கு எங்கே தாண்டுகிறது என்று 200 விழுக்காடு பெரிதாக்கித் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஓரங்களை வெட்டியபின் 18,750க்கு 5,000 பிக்சல் எஞ்சியது. 60 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சலுக்கு மேல்.

இடப்பக்கத்தில், செம்பாறைகளின் நடுவே, பொட்டாஷ் எடுக்கும் ஆவியாக்கக் குளங்கள் பளீரென்ற நீலத்தில் கிடக்கின்றன. வெயிலை அதிகம் ஈர்த்து நீர் விரைவில் ஆவியாகட்டும் என்று அவற்றில் நீலச் சாயம் கலக்கிறார்கள். படத்தைப் பார்த்த நண்பர்கள் அதை அழித்துவிடச் சொன்னார்கள். அங்கே இருப்பதைத்தானே எடுத்தேன் என்று விட்டுவிட்டேன். நீலத்தின் அடர்த்தியைக்கூடக் குறைக்கவில்லை.

செலவுக் கணக்கு: கருவிகள் 100 டாலர், பெட்ரோல் ஏறக்குறைய 65, தேசியப் பூங்காவுக்கு மார்ச்சில் வாங்கிய 80 டாலர் ஆண்டு அட்டையே போதுமானது, மாநிலப் பூங்கா 20, அச்சு 110. முக்காலியின் திருகுக் கால்களில் புகுந்த மணலைக் கழுவிக் கிரீஸ் தடவ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகப் போயிற்று.

அடுத்த முறை ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டப் போவதில்லை. திரும்பும் வழியில் இருவருமே கண் சொருகி, ஒரு ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி அரை மணி தூங்கினோம். பூங்காவுக்குள் இருக்கும் வில்லோ ஃப்ளாட் முகாமில் 12 இடங்கள்தான் உள்ளன, முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். முந்தின நாள் காலையிலேயே போய்ப் பிடிக்க வேண்டும். மற்றொன்று, படத்தின் உண்மையான குறை. கேமராவை மட்டமாக வைத்தால் அடிவானத்துக்குக் கீழே 27 டிகிரிதான் தெரியும் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. அதனால் ஆற்று வளைவு படத்தின் கீழ்விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேமராவைக் கீழே சாய்த்து இரண்டாவது அடுக்கு ஒன்று எடுத்திருக்க வேண்டும். சாய்த்தாலும் அதே பார்வைப் புள்ளி நகராமலிருக்க, பக்கவாட்டில் நிற்கும் இன்னொரு உலோகக் கை தேவை. 5 மி.மீ. கனமுள்ள அலுமினியக் கோணப்பட்டை வாங்கியாகிவிட்டது. கேமராத் திருகு கால் அங்குலம் என்பதால் 6.5 மி.மீ. துளை போட வேண்டும். கணவர் 8 மி.மீ.யில் போட்டுவிட்ட முதல் பட்டை இப்போது பால்கனியில் பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.